சின்ன உலோக லேப்டாப்: பெட்டியைப் பிரித்த வாரத்தில் எல்லோரும் கேட்பவை

சொந்தக்காரர்களோ உடன் வேலை செய்பவர்களோ 13, 14 அங்குல உலோக மடிக்கணினி ஒன்றை வாங்கிவிட்டால், அழைப்பு எப்படியோ என்னிடம் வந்துவிடுகிறது. முதல் நாள் அதன் அழகைப் பற்றிப் பேசுவார்கள்; மறுநாள் சந்தேகங்கள் தொடங்கும். ஆளுக்கு ஆள் மாடல் வேறு, கேள்விகள் மட்டும் அச்சு அசலாக ஒன்றே. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

"மெட்டல் பாடி" என்று போட்டிருக்கிறதே, எந்த உலோகம்? முழுவதுமே உலோகமா?

பெரும்பாலும் அலுமினியக் கலவை. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏறத்தாழ 7.8 கிராம் என்றால், அதே அளவு அலுமினியம் 2.7 கிராம்தான். மெலிதாகவும் விறைப்பாகவும் செய்வதற்கு அது தோதான உலோகம். ஒரே அலுமினியப் பாளத்தைக் கடைந்து உடலை எடுக்கும் முறையை ஆப்பிள் நிறுவனம் 2008இல் தன் மடிக்கணினிகளில் கொண்டுவந்தது. இன்று பல நிறுவனங்கள் அதையோ, தகட்டை அழுத்தி வடிவமைக்கும் செலவு குறைந்த முறையையோ கையாள்கின்றன.

எடையை இன்னும் குறைக்க நினைப்பவர்கள் மெக்னீசியக் கலவைக்குப் போகிறார்கள். அதன் அடர்த்தி சுமார் 1.8தான். அரிப்பைத் தடுக்க மேலே பூச்சு போடுவதால் தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக் என்றே தோன்றும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்தவர்கள் உண்டு. உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. சில மாடல்களில் மூடி மட்டும்தான் உலோகம். அடித்தட்டும் விசைப்பலகையைச் சுற்றிய தளமும் பிளாஸ்டிக். விவரக் குறிப்பில் இந்த மூன்று பாகங்களுக்கும் தனித்தனியே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

தொட்டதும் ஜில்லென்று இருக்கிறது. பிளாஸ்டிக்கை விட உலோக லேப்டாப் குளிர்ச்சியாக இருக்கும் என்று அர்த்தமா?

இல்லை. அணைத்து வைத்திருக்கும்போது இரண்டும் அறையின் வெப்பநிலையில்தான் இருக்கின்றன. அலுமினியக் கலவை பிளாஸ்டிக்கை விடப் பல நூறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்; விரலின் சூட்டை அது சட்டென்று இழுத்துக்கொள்வதால் குளிர்வதாகத் தோன்றுகிறது. இயந்திரம் சூடானால் இதே குணம் தலைகீழாக வேலை செய்யும். 42 டிகிரியில் பிளாஸ்டிக் வெதுவெதுப்பு. உலோகம் சுடுவதாகத் தெரியும்.

512 ஜிபி என்று சொல்லி விற்றார்கள், உள்ளே 476தான் காட்டுகிறது. மீதி எங்கே?

எங்கும் போகவில்லை. தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபி என்பதை 100 கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் அதை 107,37,41,824 பைட்டாகக் கணக்கிடுகிறது. 512ஐ இந்தக் கணக்கில் மாற்றினால் சுமார் 476.8 வரும். மேக் கணினிகள் தயாரிப்பாளரின் கணக்கையே காட்டுவதால் அங்கே இந்தச் சண்டை எழுவதில்லை. இயங்குதளமும் மீட்புப் பகுதியும் எடுத்துக்கொள்ளும் இடம் தனி. அது இரண்டிலும் உண்டு.

ஒன்றுமே செய்யவில்லை, முதல் நாளே சூடாகி விசிறி இரைகிறது. திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் அது சும்மா இருப்பதில்லை. புதுப்பிப்புகளை இறக்கும், கோப்புகளைத் தேடலுக்காக அட்டவணைப்படுத்தும், வைரஸ் சோதனை ஓட்டும், கணக்கில் நுழைந்தவுடன் பழைய புகைப்படங்களை எல்லாம் இணையச் சேமிப்பிலிருந்து (கிளவுட்) இழுக்கும். சார்ஜரில் செருகி, மூடியைத் திறந்தபடி ஒரு இரவு விட்டுவிடுங்கள். ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

அதற்குப் பிறகும் இரைந்தால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜரையோ மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரையோ திறந்து, செயலியை அதிகம் தின்பது எது என்று பாருங்கள். தேவையில்லாமல் உடன் ஏற்றி அனுப்பிய மென்பொருள் ஏதாவது இருக்கும். பட்டியலில் எதுவுமே ஓடாதபோதும் விசிறி முழு வேகத்தில் சுற்றினால் அது வன்பொருள் கோளாறாக இருக்கலாம்; அப்போது திருப்பித் தருவது நியாயம்.

பேட்டரி 14 மணி நேரம் நிற்கும் என்றார்கள், எட்டு கூட வரவில்லை. பழைய பேட்டரியைப் போட்டுவிட்டார்களா?

ஒரு வகுத்தல் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகிவிடும். பேட்டரியின் கொள்ளளவு வாட்-ஹவரில் எழுதப்பட்டிருக்கும். 54 வாட்-ஹவர் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்துக்கான சோதனை பெரும்பாலும் திரை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு ஒரே வீடியோவை ஓட்டுவது. அதற்கு 4 வாட் செலவானால் 13 மணி நேரத்துக்கு மேல் வரும். பத்து பதினைந்து டேப்களைத் திறந்து வைத்து எழுதும்போது 7 வாட் ஆகிறதென்றால் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வீடியோ கூட்டத்தில் கேமரா, மைக், செயலி எல்லாம் சேர்ந்து 12 வாட் இழுத்தால் நாலரை மணி நேரம். பொய் சொல்லவில்லை, உங்கள் வேலையை அவர்கள் அளக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் இரண்டு மூன்று நாட்களின் கணக்கை விட்டுவிடுங்கள். முந்தைய பதிலில் சொன்ன பின்னணி வேலைகள் அப்போது பேட்டரியையும் தின்கின்றன.

எப்போதும் சார்ஜரிலேயே செருகி வைத்திருக்கலாமா?

வைக்கலாம். ஆனால் அமைப்புகளில் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் முதுமையாக்குபவை நூறு சதவீதத்திலேயே நிற்பதும் சூடும்தான். மேஜையிலேயே கிடக்கும் சின்ன உலோக மடிக்கணினிக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன.

சார்ஜ் ஏறும்போது உள்ளங்கையில் சுருசுருவென்று இருக்கிறது. கரண்ட் அடிக்கிறதா?

இந்தக் கேள்வி கேட்காதவர்கள் குறைவு. முதலில் ஒரு சோதனை: விரலின் பின்பக்கத்தால் மூடியின் மேல் மிக இலேசாக வருடுங்கள். உலோகம் நுண்ணியதாக அதிர்வது போலவோ, திடீரென்று சொரசொரப்பாகிவிட்டது போலவோ தெரிகிறதா? சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுபடி வருடுங்கள். வழவழப்பு திரும்பிவிட்டால் காரணம் சார்ஜர்தான்.

இரண்டு முனை சார்ஜர்களில், மின்காந்த இரைச்சலைக் குறைப்பதற்காக சுவர் மின்சாரப் பக்கத்தையும் கணினிப் பக்கத்தையும் இணைக்கும் ஒரு சிறிய மின்தேக்கி (கெபாசிட்டர்) இருக்கும். அதன் வழியே மிகச் சிறிதளவு மின்சாரம் உலோக உடலுக்குக் கசிகிறது. இந்தக் கசிவுக்குப் பாதுகாப்புத் தரநிலைகள் மிகச் சிறிய எல்லையை விதித்திருக்கின்றன, நல்ல சார்ஜர் அதற்குள்ளேதான் இருக்கும். பிளாஸ்டிக் உடலிலும் இதே கசிவு உண்டு; கைக்கு எட்டாது என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. எர்த் இணைப்பு உள்ள மூன்று முனை சார்ஜர் அல்லது வயர் உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் சுருசுருப்பு அநேகமாக மறைந்துவிடும். கடைசி நிபந்தனை ஒன்று: சுவர் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்று முனை இருந்தும் எர்த்தை வெளியீட்டுப் பக்கத்தோடு இணைக்காத சார்ஜர்களும் இருக்கின்றன, அவற்றால் பயனில்லை.

சுருசுருப்பு வேறு, அதிர்ச்சி வேறு. கையை வெடுக்கென்று இழுக்கும்படி அடித்தால், அல்லது பெயர் தெரியாத மாற்றுச் சார்ஜரில் மட்டும் கடுமையாக இருந்தால், அந்தச் சார்ஜரை அந்த நொடியே ஒதுக்கிவிடுங்கள். ஒரே ஒரு சாக்கெட்டில் மட்டும் இப்படி என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கணினிக்கு அதில் பங்கில்லை.

பெயரே லேப்டாப். மடியில் வைக்கலாமா, கூடாதா?

எழுதுவது, படிப்பது போன்ற வேலைகளுக்குத் தாராளமாக வைக்கலாம். வீடியோ தொகுப்பு, விளையாட்டு என்றால் மேஜைக்கு மாறுங்கள். இந்த அளவில் உடலே வெப்பத்தை வெளியேற்றும் பாகமாக வேலை செய்கிறது, வெப்பத்தை அது எப்படிக் கடத்தும் என்பதை மேலே பார்த்தோம். தினமும் மணிக்கணக்கில் வெறும் தொடையில் சூடான கணினியை வைத்தவர்களுக்குத் தோலில் வலை போன்ற பழுப்புத் தடம் விழுவதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

மெத்தை, தலையணை இரண்டும் மடியை விட மோசம். காற்று உறிஞ்சும் துளைகள் பெரும்பாலும் அடியில்தான் இருக்கின்றன.

விசிறியே இல்லாத மாடல் நல்லதா?

சத்தம் பிடிக்காதவர்களுக்கு வரம். 2020 நவம்பரில் வந்த, எம்1 சிப் கொண்ட ஆப்பிளின் மேக்புக் ஏர் விசிறியில்லாமலேயே அன்றாட வேலைகள் எல்லாவற்றையும் அலட்டிக்கொள்ளாமல் செய்து காட்டியது. ஆனால் தொடர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் செயலியை முழுமூச்சாக ஓட்டும் வேலை இருந்தால், சூடு ஏற ஏற விசிறியில்லாத கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பழுதென்று நினைத்துவிட வேண்டாம்; அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

விசைகள் அழுந்துவதே தெரியவில்லை. பழகிவிடுமா?

பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடுகிறது. மெல்லிய உடலில் விசை கீழே இறங்கும் தூரம் பொதுவாக 1 முதல் 1.5 மில்லிமீட்டர், பழைய தடித்த கணினிகளில் இது 2க்கும் மேல். ஆழம் குறைவாக இருந்தாலும், பாதி வழியில் ஒரு தெளிவான தடை விரலுக்குத் தெரிந்து பிறகு விசை இறங்கினால் நல்ல விசைப்பலகை. தடையே இல்லாமல் சொதசொதவென்று இறங்கினால் எத்தனை வாரமானாலும் அது அப்படியேதான் இருக்கும். ஸ்பேஸ் விசையின் இரு முனைகளிலும் அழுத்திப் பாருங்கள், இரண்டும் ஒன்றுபோல வேலை செய்ய வேண்டும். நடுவிலிருக்கும் ஜி, எச் விசைகளைச் சற்று பலமாக அழுத்தினால் தளம் குழியக் கூடாது. உடல் உலோகம்தான், ஆனால் தகடு மெலிந்தால் உலோகமும் வளையும்.

மெலிவுக்காக விசைப்பலகையைப் பலி கொடுத்த கதை ஊரறிந்தது. ஆப்பிள் 2015இல் கொண்டுவந்த "பட்டர்ஃபிளை" விசைகளில் சிறு தூசி புகுந்தாலே எழுத்து இரட்டையாக விழுந்தது அல்லது விழவேயில்லை. 2019 இறுதியில் 16 அங்குல மாடலில் தொடங்கி கத்தரி போல் மடியும் பழைய வகை விசைகளுக்கே திரும்பினார்கள். அது தொடர்பான வழக்கில் 2022இல் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொள்ளவும் நேர்ந்தது. ஒரு கணினி அரை மில்லிமீட்டர் மெலிந்துவிட்டது என்று விளம்பரம் வந்தால் நான் முதலில் விசைப்பலகையைத்தான் பார்ப்பேன்.

திரை பளிச்சென்று இருக்கிறது, எழுத்துதான் பொடிப்பொடியாக இருக்கிறது.

திரை அமைப்புகளில் "ஸ்கேல்" என்பதை 150 அல்லது 175 சதவீதமாக மாற்றுங்கள். 13.3 அங்குலத்தில் 2560×1600 புள்ளிகள் என்றால் ஓர் அங்குலத்துக்கு 227 புள்ளிகள். ஸ்கேல் உயர்த்தாமல் அதைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. தெளிவுத்திறனைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்க முயலாதீர்கள், மங்கலாகிவிடும். தமிழில் அதிகம் படிப்பவர்கள் இன்னும் ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம்: சின்ன அளவில் ண, ன இரண்டின் சுழிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே எழுத்தாகத் தெரியும்.

பளபளப்பான திரையா மங்கல் திரையா என்று கேட்டால், சன்னலுக்கு எதிரே உட்காருபவர்களுக்கு மங்கல் திரை. மற்றவர்களுக்கு எதுவானாலும் சரி.

இரண்டு யுஎஸ்பி-சி துளைகள், பார்க்க ஒரே மாதிரி. எதில் எதைச் செருகுவது?

யுஎஸ்பி-சி என்பது துளையின் வடிவத்தை மட்டுமே சொல்லும். உள்ளே என்ன ஓடுகிறது என்பதைச் சொல்லாது. ஒரு துளை சார்ஜ், வெளித்திரை, வேகமான தரவு மூன்றையும் ஏற்கலாம். பக்கத்துத் துளை தரவை மட்டும் ஏற்கலாம். துளைக்கு அருகே மின்னல் குறி இருந்தால் பொதுவாகத் தண்டர்போல்ட் எனும் அதிவேக இணைப்பு. அது எல்லாவற்றையும் செய்யும். குறி எதுவும் இல்லையென்றால் கையேட்டைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

வயரிலும் இதே கூத்துதான். கைபேசியுடன் வரும் சி-வகை வயர்களில் பல நொடிக்கு 480 மெகாபிட் வேகம் மட்டுமே கொண்டவை. 10 கிகாபிட் வயருடன் ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு. பழைய கணினியிலிருந்து கோப்புகளை மாற்ற இரவு முழுக்க ஆகிறது என்று புலம்புபவர்கள் முதலில் வயரை மாற்றிப் பார்க்கலாம். மின்சாரத்திலும் சாதாரண வயர் 60 வாட் வரைதான் கடத்தும், அதற்கு மேல் வேண்டுமானால் உள்ளே சிப் பொதித்த வயர் தேவை.

உலோகம் வைஃபையைத் தடுக்கும் என்கிறார்களே?

தடுக்கும். அது தெரிந்துதான் ஆன்டெனாவை வழக்கமாகக் கீலுக்கு அருகே உள்ள கறுப்பு பிளாஸ்டிக் பட்டைக்குப் பின்னாலோ, திரையின் விளிம்பிலோ வைக்கிறார்கள். அந்தப் பட்டையின் மேல் உலோக ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்.

கேமராவை மறைக்க நகரும் மூடி வாங்கி ஒட்டலாமா?

வேண்டாம். மூடியை மூடும்போது திரைக்கும் விசைப்பலகைக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான் மிஞ்சும். அங்கே ஒரு பிளாஸ்டிக் துண்டு நின்றால் மூடும் அழுத்தம் முழுவதும் கண்ணாடியின் அந்த ஒரு புள்ளியில் விழும். கேமரா மூடியுடன் மேக்புக்கை மூடினால் திரை சேதமடையலாம் என்று ஆப்பிளே 2020இல் எச்சரித்தது. கட்டாயம் வேண்டுமென்றால் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் கூடாது என்றது, அதாவது சாதாரணத் தாளின் கனம். விசைப்பலகைக்கு மேல் விரிக்கும் ரப்பர் உறையும் இதே காரணத்தால் ஆபத்து.

தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை அணைந்து அணைந்து எரிகிறது. கோளாறா?

கையில் காந்தக் கொக்கி வைத்த கைக்கடிகாரப் பட்டை இருக்கிறதா? மூடி மூடப்பட்டதைக் கணினி ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுதான் அறிகிறது: காந்தம் மூடியில், அதை உணரும் சென்சார் விசைப்பலகைத் தளத்தின் ஓரத்தில். மணிக்கட்டில் இருக்கும் காந்தம் அந்த இடத்துக்கு நேரே வந்தால், மூடிவிட்டார்கள் என்று நினைத்துக் கணினி உறங்கிவிடும். திறந்த மடிக்கணினியை இன்னொன்றின் மேல் வைத்தாலும் இதே வேடிக்கை நடக்கும். பட்டையைக் கழற்றியும் அணைந்தால்தான் திரைக்கான வயரைச் சந்தேகிக்க வேண்டும்.

மூடிப் பையில் வைத்தேன். வெளியே எடுத்தால் கொதிக்கிறது, பேட்டரியும் பாதியாகிவிட்டது.

இது பெரும்பாலும் விண்டோஸ்காரர்களின் புகார். இப்போதைய மாடல்கள் பலவற்றில் உறக்க நிலை என்பது முழு உறக்கம் அல்ல. திரையை அணைத்துவிட்டு, இணையத்தோடு தொடர்பை வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருக்கும் நிலை. ஏதாவது ஒரு புதுப்பிப்போ மென்பொருளோ அதை எழுப்பிவிட்டால், காற்றுப் போகாத பைக்குள் சூடு வெளியேற வழியில்லை. வெப்பம் பேட்டரியை என்ன செய்யும் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

மூடியை மூடினால், திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணையும் "ஹைபர்னேட்" நிலைக்குப் போகும்படி மின் அமைப்புகளில் மாற்றிவிடுங்கள். திறக்கும்போது சில நொடிகள் கூடுதலாக ஆகும். அந்தச் சில நொடிக்காக அலுத்துக்கொள்பவர்கள், பையில் வைக்கும் முன் சார்ஜரையும் மவுஸ் டாங்கிளையும் கழற்றிவிட்டு, உறங்கிவிட்டதா என்று விளக்கைப் பார்த்துவிட்டாவது வையுங்கள்.

கீறல் விழுந்துவிட்டது. பாலிஷ் போட்டால் போகுமா?

போகாது, பெரிதாகும். அலுமினியத்தின் மேல் நிறமாகத் தெரிவது பெயின்ட் அல்ல. மின்வேதி முறையில் உலோகத்தின் மேல்பரப்பையே ஆக்சைடாக வளர்த்து, அதன் நுண்துளைகளில் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் படலம் கடினமானது. ஆனால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு கனமே உள்ள மெல்லியது. பாலிஷ் அதைத் தேய்த்துவிடும், அடியிலிருந்து வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கும். கறுப்பு, கருநீல மாடல்களில் சார்ஜர் செருகும் துளையின் விளிம்பு சீக்கிரமே வெள்ளையாவதும் இதனால்தான். கீறலோடு வாழப் பழகுவதே நல்லது.

நசுங்கல் அப்படியல்ல. பிளாஸ்டிக் அடியை வாங்கி வளைந்து மீளும், இல்லாவிட்டால் உடையும். அலுமினியம் நசுங்கி அப்படியே நிற்கும். மூலையில் நசுங்கியிருந்தால் மூடி முழுதாக மூடுகிறதா, அருகிலுள்ள துளையில் வயர் தடையின்றி நுழைகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் விடலாம். பயந்துபோய் மேலே கெட்டியான பிளாஸ்டிக் உறை மாட்டுபவர்களுக்கு நான் எதிரி: மூடியின் எடை கூடி கீல் தளரும், அடியில் சூடு தங்கும். பைக்குள் ஒரு மெத்தென்ற உறை போதும்.

ரேமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்றுதான் 8 ஜிபி வாங்கினேன். முடியும்தானே?

இந்த வகையில் அநேகமாக முடியாது. இடமும் மின்சாரமும் மிச்சமாக வேண்டும் என்று ரேமை (ஓடும் மென்பொருட்களுக்கான தற்காலிக நினைவகம்) தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைச் சிலவற்றில் மாற்றலாம். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் 16 ஜிபி மாடலுக்கு மாறிவிடுங்கள் என்பதே என் பதில். மென்மையான மூடியும் மின்னும் விளிம்பும் முதல் மணி நேரத்திலேயே மனதை வாங்கிவிடும். ரேம் போதாமல் உலாவி டேப்கள் மறுபடி மறுபடி ஏறுவது அதற்குப் பின் வருடக்கணக்கில் தொடரும்.

கெடு முடிவதற்குள் வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களைத் திறந்து திரையில் செத்த புள்ளி (நிறம் மாறாமல் நிற்கும் புள்ளி) தேடுங்கள். சார்ஜ் ஏற்கும் துளைகள் ஒவ்வொன்றிலும் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். ஒரு நண்பரை வீடியோவில் அழைத்து, விசிறி ஓடும்போது உங்கள் குரல் எப்படிக் கேட்கிறது என்று கேளுங்கள். சின்ன உடலில் மைக்கும் விசிறியும் நெருங்கிய அயலார். இரவு மூடி வைத்துக் காலையில் எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது என்று பாருங்கள். எடையைக் கையில் தூக்கி அளக்காதீர்கள், சார்ஜரும் சேர்த்துப் பையில் போட்டுத் தோளில் மாட்டி நடந்து பாருங்கள். 1.2 கிலோ என்பது விளம்பரத்தின் எடை. சார்ஜர் அதில் சேராது.

மேஜையில் வைத்தால் ஒரு மூலை லேசாக ஆடுகிறது. அடியில் தாள் மடித்து வைத்துவிட்டேன், பரவாயில்லையா?

வாங்கிய அன்றே ஆடினால், முதலில் வேறொரு மேஜையில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் ஆடினால் ரப்பர் காலோ அடித்தட்டோ சரியாகப் பொருந்தவில்லை. மாற்றித் தரச் சொல்லலாம்.

வாங்கியபோது அசையாமல் நின்றது, மாதங்கள் கழித்து ஆடத் தொடங்குகிறது என்றால் தாள் வைத்து மறைக்காதீர்கள். டச்பேட் சற்று மேலெழும்பியிருக்கிறதா, அழுத்தினால் முன்போலக் கிளிக் ஆகிறதா, மூடியின் முன்பக்கம் முழுதாகப் படிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்புண்டு. சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தி, அணைத்து, அழுத்தாமல், குத்தாமல் சர்வீஸ் மையத்துக்குக் கொண்டு போங்கள். அடித்தட்டின் திருகுகளை நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம்.